டிக்கிக்குள் மாமியார்

என் மாமியார் என்னிடம் நேராகப் பேசமாட்டார். கோபதாபம் எதுவும் கிடையாது. அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவது மரியாதைக் குறைவாம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், "அவரு சாப்ட்டாரான்னு கேளு" என்று என் மனைவியிடம்தான் சொல்வார். மனைவி இல்லாவிட்டால் பிள்ளைகளிடம். அவர்களும் இல்லாவிட்டால் கொட்டகையில் கட்டியிருக்கும் மாட்டிடம். "காப்பி ஆறிப்போவுது, குடிக்கிறவங்களக் காணோம்" என்று மாட்டுக்குச் சொல்வார். நான் எடுத்துக் குடித்துக்கொள்வேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஏற்பாடு சிக்கலில்லாமல் நடந்துவந்தது.

மச்சானுக்குக் கல்யாணம் கூடி, பத்திரிகை வைக்கும் வேலை தொடங்கியபோதுதான் வம்பு வந்தது. மணலூர்பேட்டையில் அவர்களுக்குக் கரும்புத் தோட்டம். வருஷா வருஷம் வெட்டுக்கு ஆள் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி வருகிற மேஸ்திரிக்கு ஊர் கல்வராயன் மலையில் கரியாலூர். அவருக்கு நேரில் போய்த்தான் பத்திரிகை வைக்கவேண்டும் என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். மாமனார் இல்லை, காலமாகிவிட்டார். மச்சான் கல்யாணத் துணி எடுக்கப் போயிருந்தான். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், அன்றைக்கு டூட்டி. கடைசியில் வண்டியும் நானும்தான் மிச்சம். கள்ளக்குறிச்சியில் நான் வைத்திருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது ஹைபிரிட் கார். பெட்ரோல் எஞ்சின் ஒன்று, கரண்டு மோட்டார் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஓட்டும். புதுச்சேரியில் ஒருவர் ஓட்டிய பழைய வண்டியை வாங்கியிருந்தேன். வாங்கிய நாளிலிருந்து யாரும் என்னை நிம்மதியாக விடவில்லை. கண் பரிசோதனைக்கு வந்து உட்காருகிறவர்கள்கூட, எதிரே இருக்கும் எழுத்துகளைப் படிக்காமல், "பேட்டரி போச்சின்னா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்தப் பெரிய பேட்டரியை நினைத்து நானும் கவலைப்பட்டிருக்கிறேன். வண்டிக்குள் இன்னொரு பேட்டரி இருப்பது மட்டும் எனக்குத் தெரியாது. எல்லாக் கார்களிலும் இருக்கிற சாதாரண பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. அளவில் மட்டும் கொஞ்சம் சின்னது. கதவுப் பூட்டு, விளக்கு, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் அதை நம்பித்தான். அது எழுப்பினால்தான் பெரியது கண்ணைத் திறக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பயமுறுத்த வந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினோம். மாமியார் பின்சீட்டில் ஜன்னலோரம். வழியெல்லாம் பேச்சில்லை. வளைவுகளில் மட்டும் "முருகா" என்றார். அது எனக்கா முருகனுக்கா என்று தெரியவில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

மேஸ்திரி வீட்டில் நல்ல வரவேற்பு. டிக்கியிலிருந்து பழம், வெற்றிலை பாக்கு, மேஸ்திரி மனைவிக்கு எடுத்த புடவை எல்லாவற்றையும் இறக்கி, தட்டில் வைத்துப் பத்திரிகை கொடுத்தோம். நாட்டுக்கோழிக் குழம்பும் சாமைச் சோறும் போட்டார்கள். சாப்பிட்டு, பேசி, முற்றத்தில் கயிற்றுக்கட்டிலில் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து வந்து பார்த்தால், கார் திறக்கவில்லை.

சாவியில் இருக்கிற பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. கிட்டப் போய் அழுத்தினேன், கைப்பிடியில் ஒட்டவைத்து அழுத்தினேன். அந்தச் சாவிக்குள்ளேயே இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருப்பது நகம் பட்டுத் தற்செயலாக வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. அதைப் போட்டு ஓட்டுநர் கதவைத் திறந்து, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் ஒருமுறை மின்னி, பல்லி சத்தமிடுவது போல டிக்டிக்டிக் என்றது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

என்ன ஆனது என்று யோசித்தேன். சாமான் இறக்கும்போது டிக்கியைத் திறந்தே போட்டிருந்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. வயதான பேட்டரிக்கு அவ்வளவே போதுமாக இருந்திருக்கும்.

"தொறந்து கெடக்குதேன்னு நான்தான் சாத்துனேன்" என்றார் மேஸ்திரியின் மனைவி, உதவி செய்த திருப்தியோடு. அந்த டிக்கி கரண்டில் திறக்கிற டிக்கி. கரண்டு இல்லாமல் வெளியிலிருந்து அதைத் திறக்கவே முடியாது. அது அப்போது எனக்கும் தெரியாது. அந்த அம்மாவிடம் "நல்லதும்மா" என்று சொல்லிவைத்தேன்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. மலையூரில் கார் நின்றால் பார்க்க ஆள் வரத்தானே செய்யும். மேஸ்திரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தள்னா புட்சிக்கும் சார்" என்றார்.

"இத தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதுங்க."

"எந்த வண்டியும் தள்னா ஸ்டார்ட் ஆவும் சார். நீங்க உள்ள குந்துங்க."

நான் சொல்வதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆறேழு பேர் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள். கார் அசையவில்லை. கியரும் கரண்டுதான், நிறுத்தியபோது விழுந்த பூட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. "பிரேக்க உடுங்க சார்" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். "பிரேக் போடவே இல்லீங்க" என்று நான் கத்தினேன். மறுபடி தள்ளினார்கள். அப்புறம் ஒருவர் டிராக்டரைக் கொண்டுவந்தார். கயிறு கட்டப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியதாயிற்று. அந்த டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்பலாமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவர் பின்வாங்கிவிட்டார். "கரண்டு வண்டி சார். எதுனா ஆச்சின்னா பழி எம்மேல வரும்." இழுத்துக் கியரை உடைக்க வந்த மனிதர் இதைச் சொன்னார்.

"பேட்டரி செத்துப்போச்சி, அவ்ளோதான்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

மாமியார் திரும்பினார். "அந்த வார்த்த வேணாம். வண்டிக்குள்ள கல்யாணப் பத்திரிக கீது. படுத்துகிச்சின்னு சொல்லுங்க."

அதற்கப்புறம் அந்த ஊரில் எல்லோரும் அப்படியே சொன்னார்கள். "சார் வண்டில பேட்டரி படுத்துகிச்சாம்." ஏதோ களைப்பாக இருந்ததால் தூங்கப் போன மாதிரி.

போனுக்கு டவர் கிடைப்பது பள்ளிக்கூடச் சுவரோரம் மட்டும். அங்கே போய் நின்று வண்டிக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டேன். ஒரு பெண் அன்பாகப் பேசினார். வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிற லாரி வேண்டும் என்றார். அது சேலத்திலிருந்து வரவேண்டும் என்றார். மலைப்பாதைக்கு வருமா என்று கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நடுவில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று பாட்டுப் போட்டுவிட்டார். பாட்டு முடிவதற்குள் டவர் போய்விட்டது. அடுத்துக் கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "அண்ணா, ஹைபிரிடா? அப்ப பெரிய பேட்டரிதான். வண்டிய வித்துடுங்க" என்றார். கரியாலூரில் நின்றுகொண்டு ஓடாத வண்டியை யாரிடம் விற்பது என்று கேட்க நினைத்து, வைத்துவிட்டேன்.

கடைசியாக மனைவி. வார்டில் வேலையாக இருந்தாள். நான் முழுக்கதையையும் சொல்லத் தொடங்கியதும் நடுவில் மறித்தாள்.

"வண்டியோட புக்கு இருக்கும்ல. படிச்சிங்களா?"

"இல்ல."

"படிங்க மொதல்ல. அம்மா சாப்ட்டாங்களா?"

புத்தகம் முன்பெட்டிக்குள் உறை பிரிக்காமல் இருந்தது. அதில்தான் சின்ன பேட்டரியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். டிக்கிக்குள், வலது ஓரத்தில், தரைப்பலகைக்கு அடியில். அதை எடுக்க டிக்கி திறக்கவேண்டும். டிக்கி திறக்க அந்த பேட்டரி வேலை செய்யவேண்டும். இதைச் செய்த மனிதர் முன்னால் இருந்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று தெரியாது. அடுத்த பக்கத்தில் ஒரு வழி போட்டிருந்தது: பின்சீட்டை மடித்து, உள்ளே தவழ்ந்து போய், டிக்கிக் கதவின் உட்புறம் இருக்கிற சின்ன மூடியைக் கழற்றி, அதற்குள் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளவேண்டும்.

மடித்தேன். தவழ்ந்தேன். எனக்கு உடம்பு கொஞ்சம் கனம். இடுப்பு வலியும் உண்டு. தோள்வரை போனது. வயிற்றுக்கு அப்புறம் போகவில்லை. முன்னால் போகவும் முடியாமல் பின்னால் வரவும் முடியாமல், முகத்துக்கு நேரே "மங்களகரமான" என்று அச்சடித்த பத்திரிகைக் கட்டைப் பார்த்தபடி கிடந்தேன். வெளியே நின்றவர்கள் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியும் டிராக்டர்காரரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார்கள்.

சட்டையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்தபோது, மாமியார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். ஒடிசலான தேகம் அவருக்கு. மேஸ்திரியைப் பார்த்து, "நான் போறேன்னு அவருகிட்ட சொல்லுங்க" என்றார்.

மேஸ்திரி என்னிடம், "அக்கா போறாங்களாம்" என்றார்.

"வேணாம்னு சொல்லுங்க" என்றேன்.

மேஸ்திரி திரும்புவதற்குள் அவர் பாதி உள்ளே போயிருந்தார். செருப்பு மட்டும் வெளியே கிடந்தது. நான் ஜன்னல் கண்ணாடி வழியாக டார்ச் அடித்தேன். உள்ளே பத்திரிகைக் கட்டுகளை ஓரம் தள்ளும் சத்தம் கேட்டது. புத்தகத்தில் போட்டிருந்த படத்தைப் பார்த்து, கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கட்டும் என்று பொதுவாக, "நடுவுல சதுரமா ஒரு மூடி இருக்கும்" என்றேன்.

உள்ளே எதையோ நெம்புகிற சத்தம். அப்புறம் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாப்ள, மூடி வந்துடுச்சி. உள்ள வெள்ளையா ஒண்ணு கீது. அத எந்தப் பக்கம் தள்றது? உங்க பக்கமா, ரோட்டுப் பக்கமா?"

என்னைத்தான் கேட்கிறார் என்று புரியவே நேரம் பிடித்தது. மேஸ்திரியும் என்னைத்தான் பார்த்தார். டிக்கிக்குள் இருட்டில் கிடப்பவருக்குச் சொல்லியனுப்ப ஆளும் இல்லை, மாடும் இல்லை.

"ரோட்டுப் பக்கம்" என்றேன். "ரோட்டுப் பக்கம் தள்ளுங்கத்தே."

டக்கென்று சத்தம். டிக்கிக் கதவைத் தூக்கிவிட்டேன். மாமியார் பத்திரிகைகளுக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்திருந்தார். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இதுக்குள்ள இன்னா நாத்தம் மாப்ள. தொடைக்கறதே இல்லியா?" என்றார்.

அன்றைக்குத் திறந்தது டிக்கி மட்டும் இல்லை.

பேட்டரியின் மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படம் எடுத்து, பள்ளிக்கூடச் சுவருக்கு ஓடி மனைவிக்கு அனுப்பினேன். வண்டிக்குள்ளேயே இருக்கிற பேட்டரி என்பதால், அதிலிருந்து வருகிற வாயு வெளியே போக ஒரு மெல்லிய குழாய் மாட்டியிருந்தது. அந்தக் குழாய்க்குத் துளை உள்ள பேட்டரியாகத்தான் வாங்கவேண்டும் என்றும் எழுதினேன். டூட்டி முடித்து அவள் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். "துளையெல்லாம் எதுக்கு மேடம், இதப் போடுங்க, ஓடும்" என்று எல்லாக் கடையிலும் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு கடையில் இருந்தது. ஆள் அனுப்பி மாட்டித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். மலைக்கெல்லாம் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். காலை முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவதாகச் சேதி வந்தது. அன்றைக்கு ராத்திரி மேஸ்திரி வீட்டில் தங்கவேண்டியதுதான்.

டிக்கியை மறுபடி சாத்தக்கூடாது. சாத்தினால் மறுபடி மாமியாரை உள்ளே அனுப்பவேண்டும். கயிறு போட்டு அரைகுறையாகக் கட்டி, பத்திரிகைகளை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தோம். போகிற வருகிறவர்களில் நல்ல மனசுக்காரர்கள் யாராவது அழுத்திச் சாத்திவிடப் போகிறார்கள் என்று நான் பக்கத்திலேயே நின்றேன். இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரையும் விரட்டினேன்.

மாமியார் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க மாப்ள. கடைய ஏன் அவ்ளோ நேரம் தொறந்து வச்சிக்கினு இருக்கீங்க? ராத்திரில கண்ணாடி வாங்க யார் வராங்க?"

"சில பேர் வேல முடிஞ்சி வருவாங்கத்தே."

"அவ டூட்டி முடிச்சி வந்து உங்களுக்காகச் சோத்த வச்சிக்கினு குந்தினு கீறா. ரெண்டாவது, வளைவுல ஹாரன் அடிக்கறதில்ல நீங்க. நான் முருகா முருகான்னு சொல்லிக்கினே வரேன், உங்களுக்குப் புரியவேயில்ல."

அது முருகனுக்கு இல்லை என்று அப்போது தெரிந்தது. முருங்கைக்காயை மெல்லாமல் தட்டோரம் ஒதுக்குவது, பெரியவனை ஹாஸ்டலில் போட்டது, தீபாவளிக்கு அவருக்கு எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவையின் நிறம் ஜாஸ்தியாக இருந்தது, வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குவது எல்லாம் வரிசையாக வந்தது. இத்தனை வருஷமாக மகளிடமும் மாட்டிடமும் சொன்னது போக மிச்சம் வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கே இறங்கியது. எனக்கு வண்டி போன எரிச்சல் ஒரு பக்கம். இவர் பழையபடியே இருந்திருக்கலாமே என்ற எரிச்சல் மறுபக்கம். எழுந்து போகவும் வழியில்லை, டிக்கிக்குக் காவல்.

பேச்சோடு பேச்சாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். நான் போட்டுக்கொடுத்த கண்ணாடி.

"இதுவும் அப்டிதான்" என்றார். "இதுல எனக்கு ஒண்ணும் சரியாத் தெர்ல மாப்ள. பஸ்ஸு போர்டு மாறி மாறித் தெரியுது. போடாம இருந்தாத்தான் நல்லா கீது."

"எப்பலேருந்து?"

"நீங்க குடுத்ததுலேருந்து."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்ட நான் எப்டி சொல்றது?"

"உங்க பொண்ணுகிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அவ உங்ககிட்ட சொல்லுவா. நீங்க சங்கடப்படுவீங்க. கண்ணாடிக் கடைக்காரு மாமியாரே கண்ணு தெர்லன்னா நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?"

அந்தக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். பரிசோதனை செய்த அன்றைக்கும் அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை. "மொத எழுத்து மங்கலா கீதுன்னு சொல்லு" என்று மகளிடம் சொல்ல, வார்டிலிருந்து வந்த போனைப் பேசிக்கொண்டே அவள் ஏதோ சொல்ல, நான் பவரைப் போட்டிருக்கிறேன். மரியாதைக்காக ஒரு பெண்மணி வருஷக்கணக்காக மங்கலாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பேட்டரிமேல் பட்டுக்கொண்டேன்.

காலையில் முதல் பஸ் வந்தது. கண்டக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே, "மேடம் சாய்க்காத வச்சிக்கினு போன்னு சொன்னாங்க சார். வளைவுல காலால புட்சிக்கினே வந்தேன்" என்றார். பாவம், அவரும் ஒருவிதமாக மாட்டிக்கொண்டவர்தான்.

டிராக்டர்காரரிடம் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. மூக்குக்கண்ணாடியின் கடுகு போன்ற திருகாணிகளைக் கழற்றிப் பழகிய கை எனக்கு. இந்த ஸ்பேனர் கையில் நிற்கவே இல்லை. மைனஸ் ஒயரை முதலில் கழற்றவேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேனர் வண்டி இரும்பில் பட்டுப் பொறி பறக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. அதைக் கழற்றி, துணியைச் சுற்றி ஒதுக்கி, பிளஸ்ஸைக் கழற்றி, பேட்டரியைப் பிடித்திருந்த பட்டையை எடுக்கும்போது அதன் நட்டு கைநழுவி ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது.

"உழுந்துடுச்சி" என்றார் மாமியார்.

"பாத்தேன்."

"அந்த ஓரமா போச்சி."

"பாத்தேங்கத்தே."

விரலை விட்டேன், முட்டி தோல் உரிந்தது. கம்பியை வளைத்துவிட்டேன், நட்டு இன்னும் உள்ளே போனது. மேஸ்திரி, மேஸ்திரி மனைவி, டிராக்டர்காரர், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்க்க, வெளிச்சமே மறைந்துபோனது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். கேட்ட மாதிரி ஓரடி பின்னால் போய், மறுபடி வந்துவிட்டார்கள். கம்பி நுனியை இன்னும் கொஞ்சம் வளைத்து ஒருவழியாகக் கொக்கி போட்டு எடுத்தேன்.

புது பேட்டரியை இறக்கி வைத்தால், பிளஸ் இருக்கவேண்டிய பக்கம் மைனஸ் இருந்தது. இரண்டு முனைகளும் இடம் மாறியிருந்தன. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து, ஒருவர் காலால் பிடித்துக்கொண்டு வந்து, கடைசியில் இது.

"திருப்பி வைங்க சார்" என்றார் மேஸ்திரி.

"திருப்பினா ஒயர் எட்டாதுங்க."

கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிளஸ் ஒயர் வருகிற வழியில் அதை ஒரு பிளாஸ்டிக் கவ்வி பிடித்திருந்தது. அதை விடுவித்தால் நாலு விரல் நீளம் கூடுதலாக வரும் போலிருந்தது. விடுவித்தேன். பேட்டரியைத் திருப்பி வைத்து இழுத்தேன். வந்தது, தொட்டது, மாட்டிக்கொண்டது. இந்த முறை பிளஸ் முதலில், அப்புறம் மைனஸ். கடைசி ஒயரைத் தொட்டதும் சின்னதாகப் பொறி வந்தது. மாமியார் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார். வாயுக் குழாயைச் செருகி, பட்டையைப் போட்டு, நட்டை இறுக்கினேன்.

முன்னால் போய் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். டேஷ்போர்டு முழுவதும் வெளிச்சம். தயார் என்கிற பச்சை விளக்கு எரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

வெளியே எல்லோர் முகமும் தொங்கிப்போயிருந்தது. "சத்தமே வரலியே சார்" என்றார் மேஸ்திரி. "புது பேட்டரியும் படுத்துகிச்சா?"

"ஸ்டார்ட் ஆயிடுச்சிங்க."

"எங்க ஆச்சி?"

இந்த வண்டி எஞ்சின் சத்தமில்லாமல்தான் கிளம்பும் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். நம்பவில்லை. "தள்ளட்டுமா?" என்று இரண்டு பேர் பின்பக்கம் போனார்கள். கியரைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி சத்தமேயில்லாமல் நகர்ந்தது. தள்ளப் போனவர்கள் கை அந்தரத்தில் நின்றது. அதைப் பார்த்தபோது மட்டும் அந்த இரண்டு நாளில் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

பத்திரிகைகளை ஏற்றினோம். மாமியார் பழையபடி பின்சீட்டில்தான் உட்கார்ந்தார். மாறியது பேச்சு மட்டும். ஒவ்வொரு வளைவிலும் "ஹாரன் அடிங்க மாப்ள" என்றார். ஒவ்வொரு வளைவிலும் அடித்தேன். கச்சிராயபாளையத்தில் தூரத்துச் சொந்தம் ஒன்றுக்குப் பத்திரிகை வைக்கவேண்டும் என்று நிறுத்தச் சொன்னார். வண்டியை அணைக்க எனக்குப் பயம். "நீங்க போய்ட்டு வாங்க, நான் ஓடவிட்டுக்கினு இருக்கேன்" என்றேன். போனவர் சாவகாசமாகப் பேசி, காப்பி குடித்து, மூன்று வீடு தள்ளி இருந்த இன்னொரு சொந்தத்துக்கும் வைத்துவிட்டு வந்தார்.

பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டு கேரண்டி அட்டையில் முத்திரை வாங்க மறுநாள் கடைக்குப் போனேன். "யார் மாட்டுனது?" என்றார் கடைக்காரர். நான்தான் என்றேன். "நாங்க மாட்டுனாதான் சார் கேரண்டி" என்றார். மலைக்கு வரமாட்டோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். "அது வேற பையன் சொல்லியிருப்பான்" என்றார். முனைகள் மாறியிருந்ததைச் சொன்னேன். "அதான் நாங்க மாட்டணும்ங்கறது" என்றார். முத்திரை இல்லாத அட்டையோடு திரும்பி வந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் மாமியாரைக் கடைக்கு வரவழைத்து, பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்தேன். மகளைக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றிக் கேட்டேன். "இதுவா, முன்னாடி போட்டதா?" என்றால், "முன்னாடி போட்டதுக்கும் முன்னாடி போட்டது" என்றார். ஒரு எழுத்துக்காக என்னோடு சண்டையே போட்டார். வேறு ஆளாக இருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். பவர் நிறையவே மாறியிருந்தது.

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடையைச் சுற்றி மெதுவாகப் பார்த்தார். அலமாரி, பிரேம் அடுக்கு, மேலே மின்விசிறி.

"இவ்ளோ தூசியா மாப்ள" என்றார்.

துணியை எடுத்துக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறினேன்.